கேள்விக்கும் பரீட்சை வேண்டும்!

பரீட்சையில் தோற்றவனைப் பார்த்து, "நீ ஒழுங்காகப் படிக்கவில்லை" என்று ஊரே சொல்கிறது. கேட்ட கேள்வி ஒழுங்கானதுதானா என்று எவராவது கேட்டதுண்டா? நாம் கேட்கிறோம்.

கேள்வியின் தரத்தை அளக்க வழி இருக்கிறது, தோழர்களே! 100 பேர் பரீட்சை எழுதினார்கள் என்று வைத்துக் கொள்வோம். மொத்த மார்க்கில் மேலே நிற்கும் 27 பேரையும், கீழே நிற்கும் 27 பேரையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். 27 சதவிகிதம் என்ற இந்த முறைக்கு 1939-இல் கணக்குக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் ட்ரூமன் கெல்லி. ஒரு கேள்விக்கு மேல் வரிசையில் 21 பேரும், கீழ் வரிசையில் 7 பேரும் சரியான விடை எழுதியிருந்தால் வித்தியாசம் 14. அதை 27-ஆல் வகுத்தால் சுமார் 0.52.

0.40-க்கு மேல் வந்தால் நல்ல கேள்வி, 0.20-க்குக் கீழே போனால் திருத்து, அல்லது தள்ளு என்பது வழக்கிலுள்ள விதி. பூஜ்யம் வந்தால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. பூஜ்யத்துக்கும் கீழே போனாலோ, தெரிந்தவன் தவறுகிறான், தெரியாதவன் தப்புகிறான்! கேள்வி குழப்பமா, குறித்து வைத்த விடையே பிழையா என்று தேடியாக வேண்டும்.

ஆனால் இதோடு திருப்தியடைந்து விடலாமா? கூடாது! 'மேல் வரிசை' என்பது யார்? அதே கேள்வித்தாளில் அதிக மார்க் வாங்கியவர்கள்தானே! தராசே கோணலாயிருந்தால், அந்தக் கோணலுக்கு ஒத்துப்போகும் கேள்விக்கெல்லாம் 'நல்ல கேள்வி' என்று முத்திரை விழும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இது வழக்காகவே வந்தது. இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு லைசென்ஸ் பரீட்சை கறுப்பின மக்களுக்குப் பாதகமானது, தொழிலுக்குச் சம்பந்தமற்றது என்று கோல்டன் ரூல் என்னும் கம்பெனி 1976-இல் கோர்ட்டுக்குப் போயிற்று. 1984-இல் சமரசம் ஏற்பட்டது. ஒரே பாடப்பகுதியில், கறுப்பர், வெள்ளையர் இரு சாராருக்கும் சரியான விடை விகிதத்தில் வித்தியாசம் 15 சதவிகிதப் புள்ளிக்கு மேற்படாத கேள்விகளையே முதலில் எடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். பரீட்சை நடத்திய நிறுவனத்தின் தலைவரே 1987-இல், அந்தச் சமரசம் தவறு என்றார். வெறும் வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்வியும் அடிபடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். அதில் பொருள் இல்லாமலில்லை. ஆகவே, மொத்த மார்க் சமமாக உள்ள இரு சாராரை ஒப்பிட்டு, ஒரு கேள்வி மட்டும் ஒரு சாராரை வீழ்த்துகிறதா என்று பார்க்கும் முறை பரவியது. எனினும் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி சாகவில்லை: இந்த வினாவுக்கும் செய்யப்போகும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

அதை எந்த எண்ணும் சொல்லாது. வேலை செய்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

பிழைப்பைத் தீர்மானிக்கும் பரீட்சையை நடத்துவோரே! தோற்றவன் மார்க்கை ஊரறிய ஒட்டுகிறீர்கள். உங்கள் கேள்விகள் வாங்கிய மார்க்கையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்!