மலைநீரும் அயல்நட்பும்

நாட்டுக்கு உறுப்பாவன இவையென வகுத்த வள்ளுவர், மேல்நீர், கீழ்நீர், தக்க மலை, அதனின்று வரும் ஆறு, அரண் என்பவற்றை எண்ணினார், கடலை எண்ணினாரல்லர். அக்குறளைப் பாடஞ் சொல்லுந்தோறும் யான் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டுவது பூட்டான் நாட்டையாம்.

வடக்கே திபெத்தும் ஏனைத் திசைகளில் இந்தியாவும் சூழ, இமயச் சாரலில் அமைந்த அச்சிறு நாட்டுக்குத் துறைமுகம் இல்லை. 1958இல் நேரு அங்குச் சென்றபோது மோட்டார் வீதிதானும் இல்லை. திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகவே மலை கடந்து சென்றார். 1960களின் தொடக்கத்தில், எல்லையூராகிய புன்சோலிங்கிலிருந்து இந்திய உதவியோடு வீதி அமைந்தது. அதன் பின்னரே பாரிய பொறிகளை மலைமேல் ஏற்றுதல் கைகூடிற்று.

1974இல் சுக்கா மின்திட்டத்துக்கு இருநாடும் உடன்பட்டன. செலவில் நூற்றுக்கு 60 பங்கை இந்தியா நன்கொடையாகவும், 40 பங்கைக் கடனாகவும் அளித்தது. 1986 முதல் 1988 வரையில் பொறிகள் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. நிலையத்தின் வலு 336 மெகாவாற்று. தன் தேவைக்கு மிஞ்சிய மின்னைப் பூட்டான் இந்தியாவுக்கு விற்றது.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. விற்கப்பட்டது நீரன்று, நீரின் வீழ்ச்சியே. சுக்காவிலே பொறி சுழற்றிய வாங்சூ ஆறு, கீழே 2007இல் நிறைவெய்திய தாலா நிலையத்தில் மீண்டும் 1,020 மெகாவாற்று வலுவுக்கு உதவி, அப்பால் வங்கச் சமவெளிக்குச் செல்கின்றது. ஈந்தும் குறையாத செல்வம் இஃதன்றோ!

வலியாரோடு கூடும் மெலியார் அவர்க்கு அடங்கியொழியாரோ எனச் சிலர் வினவுவர். வினா தக்கதே. கொள்வோன் ஒருவனேயாயின் விலை பேசும் வலி குன்றும். பின்வந்த மாங்தேசூத் திட்டத்தில் நன்கொடை 30 பங்காகச் சுருங்கிக் கடன் 70 பங்காயிற்று. 2008இல் தொடங்கிய புனாத்சங்சூ முதலாந் திட்டம், 2013இல் மலை சரிந்தமையால் பல்லாண்டு தடைப்பட்டது. செலவும் மிக ஏறிற்று. பனிக்காலத்தில் ஆறுகள் மெலிய, பூட்டான்தானே இந்தியாவிடம் மின் கொள்கின்றது.

எனினும், கொடுக்கச் சென்ற கம்பியே கொள்ளவும் துணையாதலைக் காண்க. குறை கூடுதலில் இல்லை. கூடும் முறையில் உண்டு. மலை சரிந்தால் இழப்பு யாருக்கு, கடன் எத்துணைக் காலத்திற்கு, விலையை வரையறுப்பவர் யாவர் என்பன முன்னரே தெளிவாதல் வேண்டும். சிறு நாட்டுக்குத் தெளிவான ஒப்பந்தமே அரண். அதனைச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து எழுதவல்லாரை ஆக்குதல், அணை கட்டுதலினும் முற்பட்ட பணியென்பது என் துணிபு.