கத்தியின் பதம்

கொல்லரிடம் சொல்லிச் செய்து வாங்கிய கத்தி உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதன் கூர்மை சம்மட்டி அடியால் மட்டும் வந்ததன்று; சூட்டைக் கையாண்ட திறமையாலும் வந்தது.

இத்தகைய கத்திகள் பல, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்யப்படுபவை. அந்த எஃகில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் உண்டு. ஏறத்தாழ 800° செ. வரை காய்ச்சும்போது, கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அமைப்பினுள் கரைந்து பரவுகின்றன. உடனே எண்ணெயில் தோய்த்தால், வெளியேற நேரமின்றி அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. இவ்வாறு உண்டாகும் மார்ட்டென்சைட் மிகக் கடினமானது. ஆனால் எளிதில் நொறுங்கும்.

ஆகவே கொல்லர் கத்தியை மீண்டும் மிதமாகச் சூடேற்றுகிறார். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் சுமார் 220° செ.-இல் வைக்கோல் மஞ்சளும், 300° செ.-இல் நீலமும் தோன்றும். மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி அலைகள் குறுக்கிடுவதால் விளையும் நிறங்கள் இவை. இவையே அவருடைய வெப்பமானி! மஞ்சளில் நிறுத்தினால் கடினம் சிறிதே குறையும்; நொறுங்கும் தன்மையும் தணியும்.

மின்சாரச் சாணையில் நீர் விடாமல் தீட்டும்போது விளிம்பு நீலமாகிறதா? அவர் கொடுத்த பதம் அங்கே போய்விட்டது என்று பொருள். அப்பகுதி தேய்ந்து நீங்கும்வரை கூர் நிலைக்காது. எனவே கல்லில் நீர் தெளித்து மெதுவாகத் தீட்டுங்கள். கத்தி நெடுநாள் உழைக்கும்.