அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்த்தல்

மட்டாஞ்சேரியிலும் கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பெண்ணுக்கு ஆபரேஷன் வேண்டுமென்று டாக்டர் கூறிவிட்டால், உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். அஷ்டமி, நவமி நீக்கி, ஆடியைக் கழித்து, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் பார்த்து, தாய் வீட்டில் ஓய்வெடுக்க வசதியாக ஒரு நாளைக் குறிக்கிறோம். டாக்டர் கேட்கும் நாளோ வேறு. கடைசி மாதவிலக்கு என்று வந்தது என்பதே அவரது முதற்கேள்வி. இவ்வூர் மருத்துவமனைகளில் ‘மாசமுற’ என்று மலையாளத்தில் கேட்பார்கள். அதற்கு நாணித் தலைகுனிந்து, ‘நினைவில்லை’ என்று விடையிறுக்கும் சகோதரிகள் பலர். அக்கேள்வியின் பொருளை விளக்குவதே நம் நோக்கம்.

உதிரம் தோன்றும் நாளை முதல் நாளாக எண்ண வேண்டும். அடுத்த விலக்கு வரை 28 நாட்கள் என்பது பொதுக் கணக்கு. 21 முதல் 35 நாட்கள் வரை இருப்பினும் குறையன்று. உதிரப்போக்கு நின்றவுடன் கருப்பையின் உட்சவ்வு மெல்லியதாக இருக்கும். நாளேற நாளேறத் தடிக்கும். அடுத்த விலக்கிற்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் சினைமுட்டை வெளிப்படும். அதன்பின் கரு உண்டாயிருப்பின், தொடக்க நாட்களில் அது எவருக்கும் புலப்படாது. ஆகவே சவ்வு மெல்லியதாக இருத்தல், கரு இல்லை என்னும் உறுதி ஆகிய இரண்டுமே நாள் குறிப்பதற்குக் காரணங்களாம்.

நாள் பார்க்க வேண்டியவை

கருப்பைக்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் ‘ஹிஸ்டெரோஸ்கோபி’க்கு உதிரம் நின்ற அடுத்த சில நாட்களே உகந்தவை. தடித்த சவ்வு சிறு சதை வளர்ச்சிகளை மறைத்துவிடும். கருக்குழாய்களை எக்ஸ்ரே எடுப்பதற்கும் அந்நாட்களே ஏற்றவை.

பெண்களுக்கான குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனும் இவ்வகையதே. பிரசவத்தை ஒட்டிச் செய்யாவிடில், மாதவிலக்கு வந்த ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டுமென்பது இந்திய அரசின் விதிமுறை. அறியாக் கரு வயிற்றில் இருக்கும்போதே குழாயைக் கட்டிவிடும் பிழை இதனால் தவிர்க்கப்படுகிறது.

இவ்விடத்து நம் மாவட்டத்துச் செய்தி ஒன்று கருதத்தக்கது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த மாபெரும் குடும்பக்கட்டுப்பாட்டு முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆடவர் கருத்தடை செய்துகொண்டனர். பெண்களோ சில நூற்றுவரே. ஆடவர்க்குரிய சிகிச்சை எளியது. வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. மாதக் கணக்கும் இல்லை. இன்றோ நாடெங்கும் இச்சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது. கணவன்மார் இதனைச் சிந்திப்பார்களாக!

நாள் பார்க்க வேண்டாதவை

கருப்பையை அகற்றுதல் போன்ற ஆபரேஷன்களைப் பொதுவாக எந்நாளிலும் செய்யலாம். குறித்த நாளில் விலக்கு வந்துவிட்டால், மறைக்காமல் நர்ஸிடம் தெரிவித்தால் போதும். தீட்டு என்று அஞ்சி வீடு திரும்ப வேண்டுவதில்லை. நாளை மாற்றுவதா என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

சினைப்பை முறுக்கிக்கொள்ளுதல், கருப்பைக்கு வெளியே கரு தங்கி வெடித்தல் ஆகியவற்றில் ஒரு மணி நேரத் தாமதமும் ஆபத்தாகும். திடீரென்று கடும் வயிற்றுவலியும் மயக்கமும் தோன்றின் நாளும் இல்லை, நேரமும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

மார்பகப் புற்றுநோய் பற்றியும் ஒரு சொல். மாதவிலக்கின் எப்பகுதியில் கட்டியை அகற்றுகிறோம் என்பது உயிர் பிழைப்பைப் பாதிக்கக்கூடும் என்று 1991-இல் டாக்டர் ராஜேந்திர பட்வேயும் உடனாய்வாளரும் லண்டனில் வெளியான ‘லான்செட்’ ஏட்டில் எழுதினர். பின்னர் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அவர் தலைமையில், சுமார் 1000 பெண்களிடம், ஆபரேஷனுக்கு முன் ஒரு ஹார்மோன் ஊசி போட்டு ஆராய்ந்தனர். 2011-இல் வெளிவந்த முடிவில், நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியவர்களிடம் ஓரளவு நன்மை தென்பட்டது. அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் உறுதியான வேறுபாடு இல்லை. ஆதலின் நாள் பார்த்துப் புற்றுநோய்ச் சிகிச்சையை ஒத்திப்போடுவது தகாது.

செய்யத்தக்கன

முதலாவது, ஒவ்வொரு மாதமும் விலக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தல். ஊருக்குச் சென்று ஆபரேஷன் செய்துகொள்வோர், ரயிலுக்கு முன்பதிவு செய்யுமுன்னரே அத்தேதியை அங்குள்ள டாக்டரிடம் கூறித் திட்டமிடுதல் நன்று.

இரண்டாவது, விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. ஹார்மோன் மாத்திரைகளுள் சில, இரத்தக் குழாயில் உறைகட்டி உண்டாகும் அபாயத்தைக் கூட்டும். உட்கொண்டிருப்பின் டாக்டரிடம் ஒளிக்காமல் உரைக்க வேண்டும்.

மூன்றாவது, கருப்பைக் கட்டியால் மாதந்தோறும் மிகுதியாக உதிரம் இழப்போர், இரத்தச் சோகையைப் போக்கிக்கொள்ளுதல். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்பர். இரும்புச்சத்து மருந்து பலன் தரச் சில வாரங்களாகும். அதுவரை விலக்கை நிறுத்தி வைக்கும் ஊசியையும் டாக்டர்கள் சிலருக்குப் போடுவதுண்டு. இவ்வாறு காத்திருப்பது பயனுள்ள காத்திருப்பு.

பஞ்சாங்கம் பார்க்கும் பெரியோரை நாம் குறைகூறவில்லை. டாக்டர் குறித்த சில நாட்களுக்குள் நல்ல நாளைத் தேர்ந்துகொண்டால் இருவர் மனமும் நிறையும். ஆயினும் முதலில் கேட்க வேண்டியது பெண்ணின் உடல் கூறும் கணக்கையே. அதனைத் தாய் மகளுக்கும், மாமியார் மருமகளுக்கும் கூச்சமின்றிக் கற்பிக்கும் இல்லத்தில், தவிர்க்கத்தக்க துன்பங்கள் பல தவிர்க்கப்படும்.