பட்டனுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்த ஹைப்பர்டாக்

1987 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளை வெளியிட்டது. உருவாக்கியவர் பில் அட்கின்சன். புதிய மெக்கின்டாஷ் வாங்கியவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. திரையில் தெரிவது ஒரு கார்டு. பல கார்டுகள் சேர்ந்தால் ஸ்டாக். கார்டில் பட்டன் வைக்கலாம், எழுத்துக்கான கட்டம் வைக்கலாம். பட்டனைத் தட்டினால் வேறொரு கார்டு வரும். இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றும். ஆனால் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முன்மொழிவை எழுதியதே 1989இல்தான்!

இந்தப் பட்டன்களுக்கு வேலை சொல்ல டான் விங்க்ளர் அமைத்த மொழிதான் ஹைப்பர்டாக். பாஸ்கல், சி போன்ற பொது நிரல்மொழிகளில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அந்நாளில் ஒரு பட்டனைத் திரைக்குக் கொண்டுவரவே ஏகப்பட்ட வரிகள் தேவை. ஹைப்பர்டாக்குக்கோ கார்டும் பட்டனும் பிறவியிலேயே தெரியும். அடுத்த கார்டுக்குப் போக மூன்றே வரி: 'ஆன் மவுஸ்அப்', 'கோ டு நெக்ஸ்ட் கார்டு', 'எண்டு மவுஸ்அப்'.

மவுஸ் பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் 'மவுஸ்அப்' என்ற செய்தி கிளம்பும். திரையில் உள்ள பட்டனிடம் அதற்கான நிரல் இல்லையென்றால் கார்டுக்குப் போகும். அங்கும் இல்லையா? பல கார்டுகள் பகிர்ந்துகொள்ளும் பின்னணிக்கு, பிறகு ஸ்டாக்குக்கு, கடைசியில் ஹைப்பர்கார்டுக்கே. தாலுகா ஆபீஸ் மனு மேசை மேசையாக நகர்வது போலத்தான். ஆனால் இங்கே ஒரு நொடிகூட ஆகாது. நூறு கார்டுகளுக்குப் பொதுவான நிரலைப் பின்னணியில் ஒரே தடவை எழுதினால் போதும். மொழியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது.

பலரும் புகழ்ந்தது அதன் ஆங்கில வாடையை. அது பாதி உண்மை. படிக்கச் சுலபம், எழுத உட்கார்ந்தால்தான் தகராறு. பேச்சு ஆங்கிலம் போல இருக்கிறதே என்று இஷ்டத்துக்கு எழுதினால் கணினி முறைத்துக்கொள்ளும்.

ஆனாலும் நிரலாளர் அல்லாதவர்கள் துணிந்து இறங்கினார்கள். இசை அறிஞர் ராபர்ட் விண்டர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு 1989இல் ஒரு ஸ்டாக் வெளியிட்டார். சிடியில் இசை ஓட, திரையில் விளக்கம் வரும். ராண்ட், ராபின் மில்லர் சகோதரர்களின் 'மிஸ்ட்' விளையாட்டும் 1993இல் மெக்கின்டாஷுக்கு ஹைப்பர்கார்டிலேயே உருவானது.

ஹைப்பர்கார்டின் இணைப்புகள் ஒரு கணினியைத் தாண்டிப் போகவில்லை. வலை வந்ததும் அது பின்தங்கியது. 2004இல் ஆப்பிள் விற்பனையை நிறுத்தியது. மொழியின் சாயல் மட்டும் போகவில்லை. கார்சன் கிராஸ் உருவாக்கிய ஹைப்பர்ஸ்கிரிப்ட், ஹைப்பர்டாக்கின் நடையை வலைப்பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. எச்டிஎம்எல் பட்டனுக்குள்ளேயே 'ஆன் கிளிக்' என்று தொடங்கி, தட்டினால் நடக்க வேண்டியதை ஒரே வரியில் எழுதிவிடலாம்.