வேன் சக்கர நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்?



செயற்குழுக் கூட்டத்தில் நம் கூட்டமைப்பு வேனின் ரிப்பேர் செலவு பற்றி நடந்த வாக்குவாதம் உங்களில் பலருடைய காதுக்கும் வந்திருக்கும். "டிரைவர் தம்பி நட்டை சரியா முறுக்கல, அதான் சக்கரம் ஆடிடுச்சு. செலவை அவன் சம்பளத்துல பிடிங்க" என்று ஒரு பேச்சு எழுந்தது. உண்மையைச் சொன்னால் ஒருங்கிணைப்பாளர்களாகிய நாங்களும் அன்று தலையாட்டினோம். தீர்மான நோட்டில் எழுதுவதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தலைவி அக்கா சொன்னதால்தான் தப்பித்தோம். கேட்டுப் பார்த்தால் விஷயம் நேர் எதிராக இருந்தது.

நடந்தது இதுதான். சந்தைக்குக் காய்கறி ட்ரேக்களோடு நான்கு உறுப்பினர்களும் வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் இடது சக்கரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம். முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் நான்கு ஸ்டட்டில் இரண்டு முறிந்து, நட்டோடு எங்கோ விழுந்துவிட்டது. மீதி இரண்டில்தான் சக்கரமே நின்றிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

டிரைவர் தம்பி அழாத குறையாகச் சொன்னது: "அக்கா, முறுக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. பஞ்சர் போட்டு மாட்டுறப்பல்லாம் ஸ்பேனர் மேல ஏறி நின்னுதான் முறுக்குவேன்." இதைக் கேட்டதும் மெக்கானிக் சிரித்துவிட்டார். "அதாம்மா கோளாறே" என்றார். முறியாமல் இருந்த ஸ்டட்டில் புது நட்டு ஒன்றைக் கையால் போட்டுக் காட்டினார். பாதி மரை வரைக்கும் லேசாகப் போன நட்டு அதற்குமேல் போகாமல் இறுகி நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஸ்டட் நீண்டு, மரையின் இடைவெளி மாறிப்போயிருந்தது.

இரும்பு எப்படி நீளும் என்று எங்களுக்கும் புரியவில்லை. ஜடைக்குப் போடுகிற ரப்பர் பேண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அளவாக இழுத்தால் இறுக்கிப் பிடிக்கும், விட்டால் பழையபடி சுருங்கும். அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் தொளதொளவென்று ஆகிவிடும், பிறகு பிடிக்காது. ஸ்டட்டும் அப்படித்தான். நட்டை முறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபடுகிறது. அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற வேகம்தான் ரிம்மை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் பாரம் ஸ்டட்டில் தொங்குவதாக நாம் நினைக்கிறோம். நல்லபடி மாட்டிய சக்கரத்தில் அப்படி இல்லை. ரிம்மும் டிரம்மும் நெருங்கி ஒட்டியிருக்கும் உரசல்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தப் பிடிப்பு போய்விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ரிம் துளி நகர்ந்து ஸ்டட்டை வளைக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிற மாதிரி ஒரு நாள் ஒடியும். நட்டு தளர்ந்திருந்தாலும் இதே கதிதான். ஆக, குறைவாக முறுக்கினாலும் ஆபத்து, கூடுதலாக முறுக்கினாலும் ஆபத்து.

அப்படியானால் சரியான அளவு எது? எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். பழைய வண்டி வாங்கியவர்களிடம் புத்தகம் இருக்காது. அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். சின்ன கார், சின்ன வேன்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சிலவற்றுக்கு இதைவிடக் குறைவாகவும், பெரிய வேன்களுக்கு நிறைய அதிகமாகவும் இருக்கும்.

நியூட்டன் மீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், நம் தராசுக் கணக்குதான். 10 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய 1 கிலோ மீட்டர் பலம். தூரத்தைச் சொல்லும் கிலோமீட்டர் இல்லை, கிலோவை மீட்டரால் பெருக்குவது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் 10. அதாவது 100 நியூட்டன் மீட்டர். கம்பி அரை மீட்டர் என்றால் 20 கிலோ வேண்டும்.

இப்போது நம் தம்பியின் கணக்கைப் பாருங்கள். ஸ்பேனர் 30 சென்டிமீட்டர், அவர் எடை சுமார் 60 கிலோ. ஏறி நின்றால் 18. தேவை 10 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு! சில இடங்களில் இன்னும் 30 சென்டிமீட்டருக்கு பைப் சொருகி ஏறி நிற்கிறார்கள், அது 36. ஸ்டட் அங்கேயே முறிந்தாலும் ஆச்சரியமில்லை. பஞ்சர் கடைகளில் 'டர்ர்' என்று ஓடுகிற காற்று மெஷினும் இப்படித்தான், எவ்வளவு முறுக்கியது என்று அடிப்பவருக்கே தெரியாது. அப்படி முறுக்கிய நட்டை நடுவழியில் ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால் கழற்றவும் முடியாது.

சரியான அளவுக்கு முறுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒரு சாமான் இருக்கிறது. வேண்டிய எண்ணில் வைத்து மெதுவாக இழுத்தால், அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும், இன்னொரு இழுப்பு கூடாது. நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அதில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

அது கையில் இல்லாத அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நாம் காய்கறி எடை போடுகிற தொங்கு தராசை, படுக்கைவாட்டில் நிற்கிற ஸ்பேனரின் நுனியில் மாட்டி, நேர் கீழே இழுத்துப் பார்த்தோம். 30 சென்டிமீட்டர் ஸ்பேனருக்கு 33 கிலோ காட்டினால் 10 கணக்கு வந்துவிடும். "இவ்வளவுதானா!" என்று டிரைவர் தம்பிக்கே நம்ப முடியவில்லை. இது தோராயம்தான், டார்க் ரெஞ்சுக்கு ஈடாகாது.

பழைய வண்டியில் இன்னொரு சங்கடம் உண்டு. நாம் முறுக்குகிற பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது, மீதி உரசலிலேயே போய்விடுகிறது. மரையில் துரு இருந்தால் உரசல் கூடி, ஸ்பேனர் 'டைட்' என்று சொல்லும், ஆனால் உள்ளே பிடிப்பு இருக்காது. எண்ணெயோ கிரீஸோ தடவினால் உரசல் குறைந்து, அதே அளவுக்கு ஸ்டட் கூடுதலாக இழுபட்டுவிடும். அதனால் புத்தகத்தில் சொல்லியிருந்தால் ஒழிய எண்ணெய் வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் மரையையும், ரிம்மும் டிரம்மும் ஒட்டுகிற இடத்தையும் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். அந்த இடத்தில் கனமாக பெயிண்ட் அடிக்கவும் கூடாது, அது நசுங்கி நசுங்கிப் பிடிப்பு தளரும். ரிம் துளை நீள்வட்டமாகிவிட்டால் ரிம்மையே மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்தில் இரண்டு ஸ்டட் முறிந்தால் மீதியையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, அவையும் அடி வாங்கியவைதானே.

மாட்டும்போது நட்டின் சரிவான பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் சில சுற்று கையால்தான். கையால் போகாத நட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் மரை போய்விடும். ஜாக்கியில் இருக்கும்போதே லேசாக இறுக்கி, சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு முழு அளவுக்கு முறுக்க வேண்டும். பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர் நட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ரிம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். ஐந்து நட்டு வண்டி என்றால் நட்சத்திரம் போடுகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று. பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை அளவு பார்க்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

வண்டியில் ஏறுகிற நமக்கும் வேலை உண்டு. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறதா, நட்டு ஓரத்தில் தேய்ந்து பளபளக்கிறதா என்று ஏறும்போதே பார்த்துவிடலாம். புதிதாகச் சத்தமோ ஆட்டமோ வந்தால் "நிறுத்துப்பா" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சந்தைக்கு நேரமாகிறது என்று அன்று அந்த அக்கா சும்மா இருந்திருந்தால்?

செயற்குழு மறுபடியும் கூடியது. டிரைவர் தம்பிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வேலைக்கு அவர் சம்பளத்தில் கை வைப்பது நியாயமில்லை என்று முடிவானது. ரிப்பேர் செலவு வேன் பராமரிப்புக் கணக்கில் எழுதப்பட்டது. எதிர்த்துப் பேசிய ஒரு தலைவி, "அப்ப அந்த ரெஞ்சை வாங்கிக் குடுங்க, அதுக்கப்புறம் தப்பு நடந்தா கேட்கறேன்" என்றார். அதுவும் நியாயம்தான். ரெஞ்ச் வாங்கியாகிவிட்டது. அலுவலக பீரோவில் இருக்கிறது, சாவி பொருளாளரிடம். வேன் நோட்டில் சக்கரம் கழற்றிய தேதி, முறுக்கிய அளவு, மறுபடி பார்த்த தேதி என்று மூன்று பத்திகள் கூடுதலாகப் போட்டிருக்கிறோம். டிரைவர் தம்பி கையெழுத்துக்குப் பக்கத்தில் அன்று வண்டியில் போகிற உறுப்பினர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.