வேலை மாறினால் உரிமையும் உடன்வர வேண்டும்

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் பலரின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பணிபுரிகின்றனர். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "மகள் நான்கு மாத கர்ப்பிணி. அதிக சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. இப்போது மாறலாமா?"

இதற்கான விடை சம்பளத்தில் இல்லை. நிறுவனத்தின் பொறுப்பில் விசா பெற்ற பெண்ணுக்கு இரண்டு உரிமைகள் முக்கியம். ஒன்று, அந்நாட்டில் தங்கிப் பணியாற்றும் உரிமை; மற்றொன்று, பேறுகால உரிமை. வேலை மாறும்போது இவற்றுள் எது உடன்வரும், எது பின்தங்கிவிடும் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் முதல் உரிமை ஓரளவு உடன்வருகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எச்-1பி விசாவில் இருப்பவர், புதிய நிறுவனம் உரிய மனுவைத் தாக்கல் செய்ததுமே அங்குப் பணியைத் தொடங்கலாம். கர்ப்பம் இதற்குத் தடையன்று. ஆனால், 1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தரும் 12 வார விடுப்பு ஊதியமற்றது. அதைப் பெறவும் குறைந்தது 50 பேர் பணிபுரியும் நிறுவனத்தில் 12 மாதங்கள் வேலை செய்திருக்க வேண்டும். முந்தைய ஓராண்டில் 1,250 மணி நேரம் உழைத்திருக்கவும் வேண்டும். வேலை மாறினால் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். 2023-இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டத்தின்கீழ், பிரசவத்துக்குப் பின் உடல் தேற விடுப்புக் கோரலாம். அதற்கு நிலையான கால அளவு கிடையாது. இடையில் வேலை பறிபோனாலோ, அந்நாட்டில் தங்கி வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்களே அவகாசம்.

பிரிட்டனில் நிலைமை வேறு. புதிய நிறுவனத்தின் சான்றுடன் விசாவுக்கு மீண்டும் விண்ணப்பித்து, ஒப்புதல் கிடைத்த பின்னரே பணியில் சேர முடியும். 52 வார விடுப்பு முதல் நாளிலிருந்தே உரிமை. ஆனால், நிறுவனம் வழங்க வேண்டிய பேறுகால ஊதியத்தைப் பெற, எதிர்பார்க்கப்படும் பேறு வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரத்தில் அங்கு 26 வாரப் பணி நிறைவடைந்திருக்க வேண்டும். கணக்கிட்டால் ஏறத்தாழ 40 வாரம். மருத்துவர்கள் குறிக்கும் கர்ப்ப காலமும் 40 வாரம்தான்! அதாவது, கருவுற்ற பின் வேலை மாறியவருக்கு அந்த ஊதியம் கிடைப்பதில்லை. எனினும், அரசு வழங்கும் பேறுகால உதவித்தொகை இருக்கிறது. பேறு வாரத்துக்கு முந்தைய 66 வாரங்களில் 26 வாரம், எந்த நிறுவனத்தில் பணியாற்றியிருந்தாலும் அதைக் கோரலாம். தொகை குறைவு, ஆயினும் அது பெண்ணுடன் பயணிக்கும் உரிமை.

அயல்நாட்டைக் குறைகூறும் முன் நம்மையும் பார்க்க வேண்டும். நமது 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம், பயன் கோரப்படும் அதே நிறுவனத்தில் 80 நாள் பணியை நிபந்தனையாக்கியது. 2017-இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அதன் ஊதியச் சுமை முழுவதும் நிறுவனத்தின் மீதே விழுந்தது. கர்ப்பிணியைப் பணியமர்த்த முதலாளி தயங்குவதற்கு இதுவும் காரணம். மாறாக, ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால் போதும். இடையில் நிறுவனம் மாறியிருந்தாலும் பாதகமில்லை. செய்யாறு தொழிற்பேட்டையில் ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளிக்கு உள்ள இப்பாதுகாப்பு, அத்திட்டத்தின் ஊதிய வரம்பைத் தாண்டிய மென்பொருள் பொறியாளருக்கு இல்லை.

ஒரே முதலாளியிடம் கட்டுண்ட தொழிலாளிக்கு உரிய ஊதியம் கிடைப்பதில்லை என்பது பொருளியலின் பழைய பாடம். விசாவும் பேறுகால உரிமையும் ஒரே முதலாளியின் கையில் சேரும்போது அந்தக் கட்டு இரட்டிப்பாகிறது.

ஆகவே, வேலை மாற விரும்பும் பெண்கள் ராஜிநாமா செய்யும் முன் மூன்றை எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்துகொள்ள வேண்டும்: புதிய விசா மனு எந்த நிலையில் உள்ளது, மருத்துவக் காப்பீடு எந்த நாளில் தொடங்கும், புதிதாகச் சேர்ந்தவருக்கு எவ்வளவு விடுப்பு, எவ்வளவு ஊதியம்.

அரசுகள் செய்ய வேண்டியது வேறு. பேறுகால ஊதியத்தைத் தனித்தனி முதலாளிகளின் கணக்கிலிருந்து எடுத்துப் பொதுக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் ஊழியர் சந்தாவைக் கொண்டே 2004 முதல் ஊதியத்துடன் கூடிய குடும்ப விடுப்பை நடத்திவருகிறது. ஈ.எஸ்.ஐ. என்ற முன்மாதிரி 1948 முதல் நம் கையிலேயே இருக்கிறது. அதை எல்லா ஊதியத்தாருக்கும் விரிவுபடுத்தத் தேவைப்படுவது மனம் மட்டுமே.