இணையக் கடையும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்

'பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை' என்பது பழமொழி. தீபாவளிக் காலத்தில் கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்து செல்வோருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பலகார மணமே ஆள்களைக் கடைப்பக்கம் இழுத்துவிடும். அங்கே ருசி பார்க்கலாம், விலை கேட்கலாம், கடைக்காரரின் முகம் பார்த்துப் பேசலாம். இணையக் கடையில் இவற்றுள் எதுவும் இல்லை. மணமும் சுவையும் முகமும் செய்யும் வேலையை அங்கே அகப்பக்கமே செய்ய வேண்டியுள்ளது.

வீட்டிலேயே முறுக்கு செய்து விற்கும் ஒரு குடும்பம் அகப்பக்கம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு கடை இருப்பதே பிறருக்குத் தெரியாது என்பதுதான் முதல் சிக்கல். பொருள் தேடுவோரில் பலர் கூகல் போன்ற தேடுபொறிகளை நாடுகின்றனர். தேடுபொறிகள் தானியங்கு நிரல்களைக் கொண்டு அகப்பக்கங்களைப் படித்து, அவற்றிலுள்ள செய்திகளைத் தொகுத்து வைக்கின்றன. ஒருவர் தேடும்போது அத்தொகுப்பிலிருந்தே பொருத்தமான பக்கங்களை எடுத்துக் காட்டுகின்றன. ஆகவே, 'சுவையோ சுவை' என்று மட்டும் எழுதிய பக்கத்தைவிட, 'அரிசிமாவு முறுக்கு, 500 கிராம், கிள்ளான் வட்டாரத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்' என்று எழுதிய பக்கமே தேடுவோர் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். வாங்குபவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று எண்ணிப் பார்த்து, அச்சொல்லையே எழுத வேண்டும்.

முகநூல், படவரி, புலனம் ஆகியவையும் வாடிக்கையாளரை அழைத்துவர உதவும். ஆயினும், அங்கே இடப்படும் பதிவு புதிய பதிவுகளுக்கு அடியில் விரைவில் மறைந்துவிடும். அகப்பக்கமோ எப்போது தேடினாலும் கிடைக்கும். எனவே, சமூக ஊடகம் வழிகாட்டும் பலகை என்றால், அகப்பக்கமே கடை எனலாம்.

கடைக்குள் வந்தவர் ஏன் வாங்காமல் திரும்புகிறார்? பக்கம் திறக்கத் தாமதமாவது, திறன்பேசியில் எழுத்து சரியாகத் தெரியாதது, விலையை மறைப்பது ஆகியவை சில காரணங்கள். 'விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்' என்று சிலர் எழுதுகின்றனர். ஆளுக்கு ஒரு விலை சொல்வார்களோ என்ற ஐயத்தை இது எழுப்பும். சட்டத்திற்கும் இது பொருந்தாது. மலேசியாவில் 2013 ஜூலை 1 முதல் இணைய வணிகத்திற்கெனத் தனி விதிமுறைகள் நடப்புக்கு வந்தன. விற்பவரின் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவு உள்ளிட்ட முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் உத்தேசக் காலம் ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என அவை வகுத்தன. இவ்விவரங்களைச் சுமை என்று கருதுவது தவறு. முகம் காணாத வாடிக்கையாளர் கேட்க நினைக்கும் கேள்விகளுக்கு இவையே விடைகள்.

வருகையாளர் எண்ணிக்கை மட்டுமே வெற்றியாகிவிடாது. பக்கத்தைப் பார்க்கும் 100 பேரில் 2 பேர் வாங்குகின்றனர் என்று கொள்வோம். விற்பனையை இரட்டிப்பாக்க, விளம்பரத்திற்குப் பணம் செலவழித்து மேலும் 100 பேரை வரவழைக்கலாம். அல்லது, தெளிவான படமும் விலையும் இட்டு, வரும் 100 பேரிலேயே 4 பேர் வாங்கும்படி செய்யலாம். சிறு வணிகர்களுக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் சிக்கனமானது.

வாங்கியவர்களின் கருத்துகளும் விற்பனையை வளர்க்கும். ஆனால், உறவினரைக் கொண்டு பொய்யான பாராட்டுகளை எழுதச் செய்தால், முதல் பொட்டலத்தைப் பிரித்ததுமே உண்மை வெளிப்பட்டுவிடும். குறை கூறியவருக்குப் பணிவாகப் பதிலளித்துப் பொருளை மாற்றிக் கொடுப்பதைப் பிறரும் பார்க்கின்றனர். அதுவே நல்ல விளம்பரமாகும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் கண்டபடி பயன்படுத்துவதும் முறையன்று. தம் விவரங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்து மூலம் கேட்கும் உரிமையை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழங்குகிறது.

விளம்பரம் ஒருவரை ஒருமுறை கடைக்கு அழைத்து வரலாம். அடுத்த தீபாவளிக்கும் அவரைத் தேடி வரச் செய்வது, சொன்ன பொருளைச் சொன்ன விலையில் சொன்ன நாளில் கொடுக்கும் நாணயமே.